காடியும் டார்ச் வெளிச்சமும்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் கதை

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே இருப்பது வானம் பார்த்த பூமி. கண்மாய், கரிசல், சீமைக் கருவேலம். களை எடுக்கவும் மிளகாய்ப் பழம் பறிக்கவும் போகும் பெண்களுக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு! வெள்ளைப்படுகிறதா, மாதவிலக்கு நின்ற பிறகும் உதிரம் போகிறதா, "உடம்புச் சூடு" என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு இருந்துவிடுவார்கள். சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பல நேரம் நோய் முற்றியிருக்கும்.

இத்தனைக்கும் இது அவசரமே படாத நோய். கிருமி தொற்றியதிலிருந்து புற்றாக மாற 10, 20 வருடங்கள்கூட ஆகும்.

அந்தக் கிருமியின் பெயர் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இதன் சொந்தக்கார வைரஸ் ஒன்றைத்தான் 1933ல் ரிச்சர்ட் ஷோப் அமெரிக்கக் காட்டு முயல்களிடம் கண்டுபிடித்தார். முயல் முகத்தில் கொம்பு மாதிரி மரு வளர்ந்திருந்ததாம்! 1970களில் மருத்துவ உலகம் ஹெர்ப்பிஸ் வைரஸைச் சந்தேகித்துக் கொண்டிருந்தபோது, ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசன் "இல்லை, மரு உண்டாக்கும் வைரஸ்தான்" என்று பிடிவாதமாக நின்றார். 1983ல் எச்.பி.வி 16, அடுத்த வருடம் 18ஆம் வகை புற்றுத் திசுவிலேயே கிடைத்தன. 2008ல் அவருக்கு நோபல் பரிசு. சென்னை நோயாளிகளிடம் நடத்தி 2003ல் வெளியான ஆய்விலும் கிட்டத்தட்ட அனைவரிடமும் இந்த வைரஸ் இருந்தது.

சரி, அது என்னதான் செய்கிறது? கர்ப்பப்பை வாயின் மேல்தோல் அடுக்கடுக்கானது. உடலுறவின்போது ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக வைரஸ் அடியடுக்கில் உள்ள செல்லைப் பிடிக்கிறது. செல்லை அது கொல்வதில்லை, அதனால் வீக்கமோ வலியோ கிடையாது. உடலின் காவல் படைக்குச் சேதி போகவே தாமதமாகிறது. பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கினால்தான் ஆபத்து. வைரஸின் ஈ6 என்ற புரதம், கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 என்ற காவல்காரனை ஒழித்துக்கட்டுகிறது. ஈ7 என்பது செல் பெருகுவதற்கான பிரேக்கைப் பிடுங்கிவிடுகிறது. காவலும் இல்லை, பிரேக்கும் இல்லை!

இந்த நீண்ட அவகாசத்தை முதலில் நம் பக்கம் பெரிய அளவில் பயன்படுத்திப் பார்த்தது திண்டுக்கல் மாவட்டம். ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவ மையமும், பிரான்ஸில் லியோன் நகரில் இயங்கும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணனும் சேர்ந்து 2000ல் தொடங்கினார்கள். கருவி என்ன தெரியுமா? ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடியில் உள்ள அதே அசிட்டிக் அமிலம்! நீர்த்த அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே பார்க்கலாம், லேப் வேண்டாம். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறைய வைத்து அழித்துவிடுவார்கள்.

30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்கள் ஒரே ஒரு முறை பரிசோதிக்கப்பட்டார்கள். 2007ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: நோய் 25 சதவீதமும், சாவு 35 சதவீதமும் குறைவு.

எதோடு ஒப்பிட்டுக் குறைவு? பரிசோதனை தரப்படாத 57 பகுதிகளோடு. அங்கே சுமார் 31 ஆயிரம் பெண்கள். வழக்கமான சிகிச்சையும் விழிப்புணர்வுப் பேச்சும் மட்டுமே. அவர்களில் 92 பேர் இந்த நோயால் இறந்தார்கள். "அப்போது நாட்டில் எங்குமே முறையான பரிசோதனை இல்லையே" என்பது ஆய்வாளர்கள் பக்க நியாயம். "பலன் தரும் என்று தெரிந்த ஒன்றை மறுக்கலாமா" என்பது எதிர்த்தவர்கள் கேள்வி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த 92 பேர் வெறும் ஒப்பீட்டு எண் அல்லவே.

அதன்பின் தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாக இதைத் தொடங்கியது. அதே திட்டத்தில் விருதுநகர் மாவட்டத்துக்குக் கிடைத்தது ரத்த அழுத்தப் பரிசோதனை! அருப்புக்கோட்டைப் பக்கம் முதலில் வந்தது கையில் கட்டும் பி.பி. பட்டைதான், காடிப் பரிசோதனை மாநிலம் முழுக்க விரிந்தபோதுதான் வந்தது.

இப்போது தடுப்பூசியும் உண்டு. உள்ளே சரக்கில்லாத வெறும் வைரஸ் ஓட்டைக் காட்டி உடலைப் பழக்குகிற ஊசி. 2022ல் இந்தியாவிலேயே தயாரான 'செர்வாவாக்' அனுமதி பெற்றது. 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசியை அறிவித்தது. ஆனால் ஏற்கெனவே தொற்றிய வைரஸை ஊசி விரட்டாது. பள்ளிக்கூடத்தில் மகள் கையை நீட்டினாலும், மிளகாய்க் காட்டில் நிற்கும் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.