பள்ளிவாசல் கடிகாரமும் முவக்கித்துகளின் வரலாறும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

 

ஒரு ரமளானில் நம் பள்ளியில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மோதினார் பாங்கு சொல்ல, ஒரு சாரார் பேரீத்தம் பழத்தை வாயிலிட்டனர். மற்றொரு பெரியவரோ தம் கைபேசியைக் காட்டி, "இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறதே!" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நோன்பு கூடியதா, கூடவில்லையா என்ற பேச்சு தராவீஹ் வரை நீடித்தது. மார்க்கத்தில் பேணுதலுள்ள இருவர் ஒருவரோடு ஒருவர் மனத்தாங்கல் கொள்ளக் காரணமாக இருந்தது கடிகாரத்தின் முள். ஆகவே நேரம் என்பது எங்கிருந்து வருகிறது, கடிகாரங்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதை வரலாற்றின் துணையோடு ஆராய்வது நம் கடமையாகும்.

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை சூரத்துன் நிஸாவின் 103-ஆம் வசனத்தின் வாயிலாக நாம் அறிவோம். இந்த நேரங்களைக் கணிக்கவென்றே முஸ்லிம் நாடுகளின் பெரும் பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்னும் அறிஞர்கள் பணியமர்த்தப்பட்டனர். கி.பி. 13-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் மம்லூக்குகளின் ஆட்சியில் இப்பதவி நிலைபெற்றது. டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் தலைமை முவக்கித்தாக விளங்கிய இப்னு ஷாதிர் (இறப்பு 1375) தலைசிறந்த வானியல் அறிஞர். அவர் 1371-இல் அப்பள்ளியின் மினாராவில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள பளிங்குக் கல்லில் நிழற்கடிகாரம் ஒன்றை அமைத்தார். அதன் நிழல்கோல் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. தொழுகை நேரங்களைக் கணிப்பதற்கான கோடுகளும் அக்கல்லில் பொறிக்கப்பட்டிருந்தன.

உஸ்மானியர் ஆட்சியில் இஸ்தான்பூலின் பள்ளிவாசல்களை ஒட்டி 'முவக்கித்கானா' என்னும் அறைகள் இருந்தன. வழிப்போக்கர்கள் அங்கு நின்று தத்தம் பைக்கடிகாரங்களைச் சரிசெய்து கொண்டனர். அக்காலத்தில் அங்கே சூரியன் மறையும் வேளையே மணி 12 ஆகும். அஸ்தமன நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் கடிகாரத்தை அடிக்கடி திருத்த வேண்டியிருந்தது. 1926-இல் துருக்கி இம்முறையைக் கைவிட்டு, நள்ளிரவிலிருந்து எண்ணும் 24 மணி முறைக்கு மாறியது.

நம் நாட்டிலும் ஊருக்கொரு நேரம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் நிறுவியது. அதைச் சார்ந்த 'மதராஸ் நேரம்' பிற்காலத்தில் இந்திய இரயில்வேக்களுக்கும் பொது நேரமாயிற்று. 1906 ஜனவரி 1 முதல் கிழக்கு 82½ பாகை தீர்க்கரேகையைக் கொண்டு இந்திய நேரம் வகுக்கப்பட்டபோது, மதராஸ் நேரத்தைவிட அது ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியிருந்தது. ஆயினும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தம் பழைய நேரத்தையும் விடாது வைத்திருந்தன.

இந்த 9 நிமிடத்தின் காரணத்தைக் கவனியுங்கள். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னை அந்த ரேகைக்கு மேற்கே இரண்டே கால் பாகை அளவில் இருப்பதால், அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.09-க்கு. இதுவும் நிலையானதன்று. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கே உச்சியாகிறது, பிப்ரவரி நடுவில் 12.23 ஆகிறது. கோயம்புத்தூரிலோ சென்னைக்கு ஏறத்தாழ 13 நிமிடம் பிந்தியே நண்பகல் வரும். எனவே ஓர் ஊரின் அட்டவணையை மற்றோர் ஊரில் தொங்கவிடுவது பிழையாகும். அஸ்ரு நேரத்தில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் வேறுபாடு நிழலின் அளவு பற்றியது. அதற்குக் கடிகாரத்தைக் குறைகூறலாகாது.

இனி கடிகாரத்திற்கு வருவோம். குவார்ட்ஸ் கடிகாரத்தினுள் உள்ள படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. வெப்பம் மாறினால் அதிர்வும் சற்றே மாறும். சாதாரணக் கடிகாரம் மாதத்திற்கு 15 வினாடி பிசகினாலும் ஓராண்டில் மூன்று நிமிடமாகிவிடும். செயற்கைக்கோள் வழியே வரும் தொலைக்காட்சி ஒலியும் ஒளியும் சில வினாடி தாமதித்தே வந்து சேரும். இணைய ஒலிபரப்பு இன்னும் தாமதிக்கும். இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களைக் கொண்டு பேணுவது புதுடில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமாகும். தானாக நேரம் பெறும்படி அமைக்கப்பட்ட கைபேசி பொதுவாக உண்மை நேரத்தை ஒட்டியே இருக்கும்; கையால் மாற்றி வைத்த கைபேசிக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

கைக்கடிகாரத்தைத் திருத்துவோர், வினாடி முள் 12-இல் வரும்போது பக்கத்துத் திருகை வெளியே இழுத்து முள்ளை நிறுத்துங்கள். வரவிருக்கும் நிமிடத்தை வைத்துக்கொண்டு, அந்நிமிடம் பிறக்கும் கணத்தில் திருகை அழுத்துங்கள்.

அன்றைய இரண்டு நிமிடத் தகராறில் இரு தரப்பாருமே நேர்மையாளர்கள். அவர்கள் இருவருக்கும் பொதுவான ஒரு கடிகாரம் இல்லாததே குறை. பிறகு பார்த்ததில், சுவர்க் கடிகாரம் ஓராண்டுக்கு மேலாகத் திருத்தப்படாமலே இருந்தது தெரியவந்தது. ஆகவே ஒவ்வொரு ஜும்ஆவுக்கு முன்பும் பள்ளிக் கடிகாரத்தைத் திருத்தும் பொறுப்பை இளைஞர் ஒருவரிடம் நிர்வாகம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர் ரேகைக்குக் கணித்த அட்டவணை ஒன்று மட்டுமே சுவரில் இருக்கட்டும். பாங்கு அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே சொல்லப்படட்டும். முவக்கித் என்னும் அந்தப் பழைய பதவிக்கு நம் மஹல்லாவிலும் ஓர் ஆள் கிடைத்துவிடுவார்.

வல்ல அல்லாஹ் நம் அமல்களை அவற்றின் உரிய நேரத்தில் நிறைவேற்றத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.