தராசும் குண்டானும்

மயிலாப்பூர்க் குளத்தை விட்டுக் கடற்கரைப் பக்கமாக நடந்தால், மாட வீதிப் பாத்திரக் கடைகளும் புடவைக் கடைகளும் ஓய்ந்து, ஒற்றை அறை வீடுகள் நெருங்கி நிற்கும் சந்துகள் வரும். அங்கே ஒரு பால்வாடி இருக்கிறது. அரசு ஏட்டில் அது அங்கன்வாடி மையம். தெருவுக்கு அது இன்றும் பால்வாடிதான். நான் போன காலை எடை எடுக்கும் காலை. டீச்சர் ஒரு கைக்குழந்தையை மெஷின்மேல் கிடத்திவிட்டு, முன்மாதக் கணக்கைப் பார்த்தார்.

"போன மாசமும் எட்டு நானூறு. இப்பவும் எட்டு நானூறு. பேதி ஏதாவது போச்சாம்மா?"

"நாலு நாள் போச்சு டீச்சர். இப்ப நின்னுடுச்சு."

அந்தத் தாய்க்கு அது முடிந்துபோன விஷயம். டீச்சருக்கு இல்லை. உள்ளறையில் ஆயாம்மா குண்டானில் சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முட்டை வெந்துகொண்டிருந்தது. பெரிய பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் யாருக்கு எடை ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்று குண்டான் கேட்பதில்லை.

தாயையும் சிறுபிள்ளையையும் ஆபத்து நெருங்குவதற்கு முன்பே போய்ப் பிடிப்பது எப்படி என்ற கேள்விக்குத் தமிழ்நாடு சொன்ன இரண்டு பதில்கள் அந்தச் சிறிய கட்டடத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. தராசுக்கு ஒரு கதை, குண்டானுக்கு ஒரு கதை. இரண்டு வருட இடைவெளியில், ஒன்றையொன்று மறுக்கும் கொள்கைகளோடு, ஒரே மாநிலத்தில் பிறந்தவை இவை.

தராசின் கதை 1973இல் வெளிவந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வில் தொடங்குகிறது. அமெரிக்க உதவியோடு சிட்னி கேன்டர் குழுவினர் நடத்திய ஆய்வு அது. உணவூட்டும் திட்டங்கள் அப்போதே மாநிலத்தில் பல இருந்தன. ஆனால் அவை பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் போயின. நலிவு தொடங்குவதோ தாய்ப்பால் மட்டும் போதாமல் போகும் மாதங்களில். அந்த வயதுப் பிள்ளை வரிசையில் நிற்காது, தட்டேந்தாது, தனக்குப் பசி என்றுகூடச் சொல்லத் தெரியாது. அதனால் எந்தத் திட்டத்தின் கண்ணிலும் படவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப 1980இல் வந்தது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடன். மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் வெள்ளோட்டம். 6 மாதம் முதல் 36 மாதம் வரையான எல்லாப் பிள்ளைகளுக்கும் மாதந்தோறும் எடை பார்க்க வேண்டும் என்பது விதி. அதிலென்ன புதுமை என்று கேட்கலாம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளிலும், அதாவது இன்றைய அங்கன்வாடியின் தாய்த்திட்டத்திலும், எடை எடுப்பது உண்டு. ஆனால் அங்கே எடை ஏட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இங்கே எடைதான் முடிவெடுத்தது. எடை ஏறாத பிள்ளைக்கும் மிக மெலிந்த பிள்ளைக்கும் மட்டும் தினமும் லட்டு. 90 நாள். தேறினால் நிறுத்திவிடுவார்கள். தேறாவிட்டால் தொடரும், மருத்துவரிடம் அனுப்புவார்கள். லட்டு இங்கே மருந்து மாதிரி: நோய்க்கு அளவு, அளவுக்கு முடிவு.

இந்த எண்ணத்தின் கூர்மை எனக்குப் பிடிக்கும். மெலிந்த பிள்ளையை யாரும் பார்த்துச் சொல்லலாம். ஆனால் கொழுகொழுவென்று இருந்து, இரண்டு மாதமாக எடை நின்றுவிட்ட பிள்ளையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பெற்றவளுக்கே தெரியாது, தினமும் பார்க்கிறவர்களுக்கு மாற்றம் தெரியுமா? அட்டையில் மேலேறிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது என்பதுதான் முதல் சேதி. வியாதி வந்தபின் வைத்தியம் பார்க்காமல், கோடு படுக்கும்போதே கைவைப்பது. "ஆரம்பநிலைத் தலையீடு" என்று இன்று அலுவலகத் தமிழில் சொல்வதன் சாரம் இதுதான்.

அதைவிடப் பிடித்தது, எடை எடுக்க ஆள் தேர்ந்த விதம். சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர் என்று பெயர். அந்த ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழையாக இருந்தும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்தவராக இருந்தால் முன்னுரிமை. பட்டப்படிப்பு, அனுபவச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மேலான சான்று அவர் இடுப்பிலேயே உட்கார்ந்திருக்கும். "எங்ககிட்ட காசு எங்க இருக்கு?" என்று ஒரு தாய் கேட்டால், அதே தெருவில் அதே கூலியில் வளர்ந்த பிள்ளை பதில் சொல்லும்.

குண்டானின் கதைக்கு இவ்வளவு கணக்கு இல்லை. 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமங்களில் 2 முதல் 9 வயது வரை: ஐந்துக்குக் கீழே இருந்தவர்களுக்குக் குழந்தைகள் மையத்தில், மற்றவர்களுக்குப் பள்ளியில். செப்டம்பர் 15 அன்று நகரங்களுக்கும் வந்தது. தேர்வு இல்லை, எடை இல்லை, 90 நாள் இல்லை. வா, உட்கார், சாப்பிடு. சமைக்கக் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். பிள்ளைக்குச் சோறு போட்ட திட்டம், ஆபத்திலிருந்த பெண்களுக்குச் சம்பளமும் போட்டது. இதை அன்றைய கணக்குப்பிள்ளைகள் செலவாகத்தான் எழுதினார்கள்.

சென்னைக்குக் குண்டான் புதிதல்ல. 1920இலேயே, நீதிக்கட்சிக் காலத்தில், பிட்டி தியாகராயர் தலைமையில் மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. தலைக்கு ஒரு நாளுக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கட்டுப்பாடு. அந்தத் தியாகராயரின் பெயரைத்தான் தி. நகர் சுமக்கிறது. ரங்கநாதன் தெருவில் துணி எடுக்க முண்டியடிக்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தத் 'தி' பிள்ளைக்குச் சிற்றுண்டி போட்டவருடையது என்று தெரியும்? போகட்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தராசுக்காரர்களின் வாதம் கணக்கில் வலுவானது. எல்லாருக்கும் கொடுத்தால், தேவையில்லாத பிள்ளைக்கும் போகும், தேவைப்படும் பிள்ளைக்குப் போதாது. 2 வயதில் குண்டானுக்கு வரும் பிள்ளை, வளர்ச்சி தடுமாறும் காலத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டிருக்கும். இது உண்மை. குட்டையாகிவிட்ட பிள்ளையை ஐந்து வயதுச் சோறு நெட்டையாக்குவதில்லை. தராசுத் திட்டம் நடந்த ஒன்றியங்களில் கடுமையான மெலிவு தெளிவாகக் குறைந்ததும் உண்மை.

ஆனால் தராசுக்கு ஒரு குரூரம் உண்டு. ஒரே திண்ணையில் இரண்டு தாய்மார் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி பிள்ளைக்கு லட்டு, இன்னொருத்தி பிள்ளைக்கு இல்லை. லட்டு கிடைக்காதவள் செய்த தவறு, பிள்ளையின் எடையை ஏற்றியது. லட்டு கிடைத்தவளுக்கோ, உன் வளர்ப்பு சரியில்லை என்று ஊர் முன் எழுதிக் காட்டிய அட்டை. 90 நாள் கழித்துத் தேறிய பிள்ளை திரும்பிப் போவது அதே வீட்டுக்கு, அதே குடிதண்ணீருக்கு, அதே பேதிக்கு. கடும் மெலிவு குறைந்த அளவுக்கு நடுத்தர மெலிவு குறையாமல் போனதற்கு இதில் பாதிக் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குண்டானிடம் இந்தக் குரூரம் இல்லை. பந்தியில் உட்கார்ந்த பிள்ளைக்கு அட்டை கிடையாது. யார் வீட்டுப் பிள்ளை யார் பக்கத்தில் உட்கார்ந்தது என்பதும் தமிழ்நாட்டில் சின்ன விஷயமில்லை. அதனால்தான் குண்டானை எந்த ஆட்சியும் இறக்கி வைக்கத் துணியவில்லை. 1989இல் கருணாநிதி அதில் முட்டை சேர்த்தார். பிறகு வந்தவர்கள் கூட்டினார்களே தவிரக் குறைக்கவில்லை. தராசுத் திட்டம் இரண்டு கட்டமாக நடந்து 1997இல் முடிந்து, அங்கன்வாடிக்குள் கரைந்தது. அதை நிறுத்தாதே என்று தெருவில் இறங்கியவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் கிடைப்பதற்குத்தான் எல்லாரும் சண்டை போடுவார்கள்.

இன்னொரு வித்தியாசத்தை நான் நெடுநாள் கவனிக்கவில்லை. குண்டானுக்குப் பிள்ளை மட்டும் வந்தால் போதும். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். தராசுக்கு யாராவது தூக்கி வர வேண்டும். அதாவது தாய் வேண்டும். அவள் அந்த நேரத்தில் சும்மா இருக்க வேண்டும். தராசு உருவானது கிராமத்துக்காக. சென்னைக்கு அந்தத் திட்டம் வரவேயில்லை. கிராமத்திலும் கூலிக்குப் போகும் தாய் உண்டு. ஆனால் நகரத்துத் தாயின் நிலைமை வேறு.

மந்தைவெளியிலும் அடையாறிலும் காலை ஆறரைக்கு அடுக்குமாடி வாசல்களில் பாருங்கள். பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் வரும் பெண்களில் பலர் இப்போது இந்தப் பேட்டையில் குடியிருப்பவர்கள் அல்லர். ஆற்றங்கரைகளிலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்கள். வீடு அங்கே, வேலை இங்கே. விடியுமுன் பஸ் ஏறினால்தான் முதல் வீட்டுக்கு நேரத்துக்கு வர முடியும். பெரும்பாக்கத்துப் பால்வாடியில் எடை எடுக்கும் காலையில் அந்தத் தாய் அடையாறில் யாரோ ஒருவர் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பாள். அவள் பிள்ளை பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ இருக்கும். பாட்டி தூக்கிக்கொண்டு போனாலும், பேதி எத்தனை நாள், பால் குடிக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பாதிதான் தெரியும். பால்வாடியில் தரும் சத்துமாவுப் பாக்கெட் வீடு வந்து சேர்ந்துவிடும். அதைக் கூழாக்கி, சின்ன வாய்க்கு ஐந்து வேளை பொறுமையாக ஊட்டுகிற ஆள்தான் வீட்டில் இல்லை.

பணம் இதை ஈடுகட்டுமா? அடையாறில் ஔவை இல்லத்தை நடத்திய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் 1987இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி 300 ரூபாயில் ஆரம்பித்து, இப்போது பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்கு வந்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்குப் பிரசவ விடுப்பு என்று சட்டமாக ஒன்றும் கைக்கு வருவதில்லை. மூன்று மாதம் போகாவிட்டால் வேறொருத்தி வந்துவிடுவாள். அந்தப் பணம் வாடகைக்குப் போகும். போகக்கூடாது என்று சொல்ல நான் யார்?

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நான்கில் ஒன்று. குண்டான் ஏறக்குறைய நாற்பது வருடம் இருந்த மாநிலத்தில் இந்த எண் என்னை உறுத்துகிறது. அரசையும் உறுத்தியிருக்க வேண்டும். 2022 மே மாதம் உதகமண்டலத்தில் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் தொடங்கியது. எடையும் உயரமும் பார்த்து, கடுமையாக மெலிந்த பிள்ளைகளைப் பிரித்தெடுத்து, அவர்களுக்கு மட்டும் சிகிச்சை உணவு, சில வாரங்களுக்கு. ஆறு மாதத்துக்குக் குறைவான மெலிந்த பிள்ளையானால், ஊட்டச்சத்துப் பெட்டகம் தாய்க்கு. 1980இன் லட்டு வேறு உறையில் திரும்பி வந்திருக்கிறது! வரவேற்கிறேன். தாய் வாய் வழியாகத்தான் கைக்குழந்தைக்கு ஊட்ட முடியும் என்பதை அது நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் பழைய தராசுப் பெண்ணுக்கு இருந்த வேலை எடையும் பேச்சும்தான். இன்றைய டீச்சருக்கு முன்பருவக் கல்வி, சத்துமாவு வினியோகம், செல்போனில் போஷன் டிராக்கர் என்ற பதிவுச் செயலி, இடையிடையே வேறு துறைகள் ஒப்படைக்கும் கணக்கெடுப்பு. எடையை மெஷின் சொல்லிவிடும். எடை ஏன் நின்றது என்று உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் வேண்டும்.

உட்கார்ந்து பேசுவதற்கு மதிப்பு உண்டா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஜமைக்காவைப் பார்க்கலாம். 1986–87இல் கிங்ஸ்டனின் ஏழைப் பேட்டைகளில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் குழுவினர், வளர்ச்சி குன்றிய 129 சிறுபிள்ளைகளை நான்காகப் பிரித்தார்கள். சிலருக்குக் கூடுதல் உணவு, சிலர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு பெண் போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. இரண்டு வருடம் நடந்தது. இருபது வருடம் கழித்துத் தேடிப் போனபோது, வீட்டுக்கு ஆள் வந்த பிள்ளைகள் வராதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். உணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த ஏற்றம் தென்படவில்லை. இதைக் காட்டிக் குண்டானை இறக்கச் சொல்கிறவர்கள் வரலாம். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பசித்த பிள்ளையோடு விளையாட முடியாது. ஆனால் நம் இரண்டு திட்டங்களிலும் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து உட்காரும் அந்தப் பெண் இல்லை.

மயிலாப்பூர்ப் பால்வாடியில் அன்று பேதிக் கணக்கு முடிந்தபின், டீச்சர் அந்தத் தாயிடம் உப்பு சர்க்கரைக் கரைசலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் இன்னொரு பெண் செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தாள். கையில் துணிப்பை, புடவை முந்தானையில் ஈரம்.

"டீச்சர், பாப்பாவ மாமியார் தூக்கினு வந்தாங்களா?"

"வரலியேம்மா. போன மாசமும் வரல."

அவள் கைப்பேசியில் மணி பார்த்தாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை எடை எடுப்பீங்களா டீச்சர்?"

டீச்சர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை எனக்கும் லீவு வேணாமாம்மா?" என்றார். பிறகு ஒரு நொடி யோசித்து, "சாயங்காலம் எத்தன மணிக்கு வருவ?" என்று கேட்டார். மெஷினை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் மேசைமேலேயே விட்டுவைத்தார்.