தி வாக்கிங் டெட் (வரைகதை)

தி வாக்கிங் டெட் என்பது அமெரிக்காவின் இமேஜ் காமிக்ஸ் நிறுவனம் 2003 அக்டோபர் முதல் 2019 சூலை வரை வெளியிட்ட கருப்பு வெள்ளை வரைகதைத் தொடர் ஆகும். ராபர்ட் கிர்க்மேன் எழுதிய இத்தொடரில் 193 இதழ்கள் வெளிவந்தன. முதல் 6 இதழ்களுக்கு டோனி மூரும், அதன்பின் இறுதிவரை சார்லி அட்லார்டும் படம் வரைந்தனர்.

குண்டடிபட்ட காவலர் ரிக் கிரைம்ஸ் மருத்துவமனையில் கண்விழிக்கும்போது, ஊரெங்கும் ஜாம்பிகள் திரிகின்றன. மனைவியையும் மகன் கார்லையும் தேடி அவர் புறப்படுவதிலிருந்து கதை விரிகிறது.

ஜாம்பித் திரைப்படங்கள் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தப்பியவர்கள் அதன்பின் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்ல முடிவில்லாத ஜாம்பிப் படம் போன்ற ஒன்றைக் கிர்க்மேன் விரும்பினார். நோய்த்தொற்று எப்படித் தோன்றியது என்பதற்குக் கதை விடை தேடவில்லை. உணவு, காவல், தலைமை, தண்டனை ஆகியவற்றை மனிதர்கள் மீண்டும் எப்படி அமைத்துக்கொள்கிறார்கள் என்பதே அதன் மையம். நடைபிணங்களைவிட நீகன் போன்ற மனிதர்களே பெரிய அச்சுறுத்தலாகின்றனர். 100ஆவது இதழில் நெடுநாள் பாத்திரமான கிளென் கொல்லப்பட்டதும், எவரும் பாதுகாப்பாக இல்லை என்பது மீண்டும் உறுதியானது. வாசகர்களை ஒவ்வொரு மாதமும் காத்திருக்க வைத்தது இந்த நிலையின்மையே.

2010இல் இத்தொடர் ஐஸ்னர் விருது பெற்றது. அதே ஆண்டில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. 192ஆவது இதழில் ரிக் இறக்கிறார். அடுத்த இதழே இறுதி இதழ் என்பது முன்கூட்டி அறிவிக்கப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து நடக்கும் அதில், வளர்ந்துவிட்ட கார்ல் அமைதி திரும்பிய உலகில் வாழ்கிறான்.