கனடா குன்றின் துரப்பணம்: மீரி முதற்கிணறு குறித்துச் சில சிந்தனைகள்

மலேசியப் பெட்ரோலியத் தொழிலின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் 1910ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாளே அதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. சரவாக் மாநிலத்தின் மீரி நகரை ஒட்டியுள்ள குன்றின்மேல் அன்று எண்ணெய் வெளிப்பட்டது. ஏடுகளில் 'மீரி முதலாம் எண் கிணறு' என்றும், மக்கள் வழக்கில் 'கிராண்ட் ஓல்ட் லேடி' என்றும் அக்கிணறு அழைக்கப்படுகிறது. அந்நாளில் நிகழ்ந்ததைக் 'கண்டுபிடிப்பு' எனக் குறிப்பது பொருந்துமா என்னும் வினாவை முன்வைத்து, அக்கிணற்றைத் தோண்டிய துரப்பணப் பொறியின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

மீரி மக்கள் நிலத்தடி எண்ணெயை வெள்ளையர் வருகைக்கு முன்பே அறிந்திருந்தனர். கையால் தோண்டிய ஆழமற்ற கிணறுகளில் ஊறிய எண்ணெயை அள்ளி விளக்கெரித்தனர். குங்கிலியப் பிசினோடு கலந்து படகுகளின் இடுக்குகளை அடைத்தனர். பாராம் பகுதியின் ஆளுநராகப் பணியாற்றிய கிளாட் சாம்பியன் டி கிரெஸ்பினி 1882ஆம் ஆண்டு அரசுக்கு அளித்த அறிக்கையில் இத்தகைய கிணறுகள் 18 இருப்பதைக் குறிப்பிட்டு, அப்பகுதியை முறையாக ஆராய வேண்டுமெனப் பரிந்துரைத்தார். புரூக் அரசு அதனைப் பொருட்படுத்தவில்லை. அவருக்குப் பின் பாராமில் ஆளுநராக இருந்த சார்லஸ் ஹோஸ், உள்ளூர் மக்கள் வாயிலாக எண்ணெய்க் கசிவுள்ள இடங்களை அறிந்து குறித்து வைத்தார். ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற பின்னரே அவரது முயற்சி பலித்தது. இராஜா சார்லஸ் புரூக்கின் இசைவோடு ஷெல் குழுமத்தைச் சேர்ந்த ஆங்கிலோ-சாக்சன் பெட்ரோலியம் நிறுவனம் 1909இல் உரிமம் பெற்றது. அந்நிறுவனம் அனுப்பிய ஜோசப் தியோடர் எர்ப் என்னும் சுவிட்சர்லாந்து நிலவியலறிஞர், மீரிக் குன்றின்கீழ்ப் பாறையடுக்குகள் வில்போல் மேல்நோக்கி வளைந்திருப்பதை ஆய்ந்து துளையிட வேண்டிய இடத்தைத் தெரிவு செய்தார். அத்தகைய வளைவின் உச்சியில் எண்ணெய் தேங்கும் என்பது நிலவியலார் கருத்து.

1910 ஆகஸ்டு 10ஆம் நாள் துளையிடும் பணி தொடங்கியது. ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள மரக்கோபுரம் குன்றின்மேல் எழுப்பப்பட்டது. இன்று நாம் 'ரிக்' எனச் சொன்னவுடன் மனத்தில் தோன்றும் சுழலும் பொறியன்று அது. கனத்த இரும்பு உளியொன்றைக் கோபுரத்திலிருந்து தொங்கவிட்டு, நீராவிப் பொறியால் இயங்கும் உத்தரம் அதனைத் தூக்கித் தூக்கிப் போட, பாறை இடிபட்டுப் பொடியாகும். சிறிது ஆழம் சென்றதும் உளியை வெளியே எடுத்து, அடியில் அடைப்பிதழ் கொண்ட நீண்ட குழாய்வாளியை இறக்கிச் சேற்றை அள்ள வேண்டும். பக்கச் சுவர் சரியாதிருக்க இரும்புக் குழாய்களை இறக்க வேண்டும். பின்னர் மீண்டும் இடிக்க வேண்டும். 452 அடி ஆழத்தில் எண்ணெய் கிட்டியபோது 134 நாள்கள் கழிந்திருந்தன. நாளொன்றுக்கு மூன்றரை அடிக்கும் குறைவு என்பது நமது கணக்கு.

துரப்பணம் என்னும் சொல் பற்றி ஈண்டு ஒன்று கூறலாம். தச்சர் மரத்தில் துளையிடக் கையாளும், சுழன்று துளைக்கும் கருவிக்கே தமிழில் அப்பெயர் வழங்கி வந்தது. மீரியில் முதலில் நின்றதோ இடித்துத் துளைக்கும் பொறி. ஆகவே, அச்சொல் அதற்குப் பின் வந்த சுழல்முறைக்கே மிகவும் பொருந்துகிறது.

துளையிட்டோர் கனடியர் என்பதால் அக்குன்று 'கனடா குன்று' எனப் பெயர் பெற்றது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஆயில் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1858ஆம் ஆண்டு ஜேம்ஸ் மில்லர் வில்லியம்ஸ் எண்ணெய்க் கிணறு அமைத்தார். அண்மையிலுள்ள பெட்ரோலியா நகரத்தார் துளையிடும் தொழிலில் தேர்ச்சி பெற்று, பிற்காலத்தில் உலகின் பல நாடுகளுக்கும் அத்தொழிலைக் கொண்டு சென்றனர். கயிற்றுக்கு மாற்றாக மரக்கழிகளை ஒன்றோடொன்று பிணைத்து உளியைத் தொங்கவிடுவது அவர்தம் தனிமுறை.

இவ்விடத்தில் ஒரு முரண்பாடு நமது கவனத்திற்குரியது. வில்லியம்ஸ் அமைத்த கிணறும் கையால் தோண்டப்பட்டதே. எண்ணெய் கசியும் நிலத்தில், கையால் தோண்டி, விளக்கெரிக்க எடுத்த அச்செயல் கனடாவில் ஒரு தொழிலின் பிறப்பாகப் போற்றப்படுகிறது. அதே போன்ற செயல் மீரியில் வெறும் முன்கதையாக ஒதுக்கப்படுகிறது. வில்லியம்ஸ் எண்ணெயைத் தூய்மைப்படுத்தி விற்றார், மீரி மக்கள் தம் தேவைக்கு மட்டுமே பயன்படுத்தினர் என்னும் வேறுபாட்டை நாம் மறுப்பதற்கில்லை. வணிகத்தின் தொடக்கம் எனின் 1910ஐ ஏற்கலாம். கண்டுபிடிப்பு எனின், குறைந்தது அப்பதினெட்டுக் கிணறுகளையேனும் கணக்கில் கொள்ள வேண்டும். எர்ப்பின் வரைபடம் நிலத்தடி அமைப்பைக் காட்டியது. ஆயினும் எண்ணெய் உண்டு என்னும் செய்தி உள்ளூராரிடமிருந்தே கிடைத்தது. அவர்தம் பெயர்கள் பொதுவாகச் சொல்லப்படும் இவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஆளுநர், நிலவியலறிஞர் பெயர்களோ தவறாது இடம்பெறுகின்றன.

முதற்கிணறு தொடக்கத்தில் நாளொன்றுக்கு 83 பீப்பாய் எண்ணெய் தந்தது. அதனைத் தொடர்ந்து மீரி வயலில் அறுநூறுக்கும் மேற்பட்ட கிணறுகள் தோண்டப்பட்டன. 1929இல் விளைச்சல் உச்சத்தை எட்டி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 15,000 பீப்பாயாக இருந்தது. மீனவச் சிற்றூர் நகரமாயிற்று. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மீரியில் இறங்குமுன் எண்ணெய் வயல் பயன்படாதவாறு செய்யப்பட்டது. போருக்குப் பின் கிணறுகள் மீண்டும் இயங்கினும் வயல் முதுமையடைந்துவிட்டது.

இதற்கிடையே துளையிடும் முறையும் மாறியிருந்தது. 1901இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்பிண்டில்டாப் கிணறு சுழல்முறையின் ஆற்றலை மெய்ப்பித்தது. அம்முறையில் உட்குழாய் வழியே அழுத்தி இறக்கப்படும் சேற்றுக் கரைசல் உளியைக் குளிர்விக்கிறது. பாறைத்தூளை மேலே கொணர்கிறது. நிலத்தடி அழுத்தம் பொங்கி எழாதவாறு தன் எடையால் அடக்குகிறது. இடிக்கும் முறையில் இம்மூன்றாவது பயன் கிட்டாது. ஆழமும் அழுத்தமும் மிக்க கடற்படுகைக் கிணறுகளை இச்சேறின்றி எண்ணிப் பார்த்தலும் அரிது.

நிலவயல் வற்றி, தொழில் கடலுக்குச் சென்றபோது, கால்களைக் கடற்படுகையில் ஊன்றித் தன் உடலை நீர்மட்டத்திற்குமேல் உயர்த்திக் கொள்ளும் மிதவைத் துரப்பணத் தளங்கள் தேவைப்பட்டன. அவற்றைக் கட்டுவதில் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைகள் உலக அளவில் முன்னிலை பெற்றன. அங்குப் பற்றவைப்போராகவும் சாயம் பூசுவோராகவும் பணியாற்றியோருள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர். கெப்பல், செம்ப்கார்ப் ஆகிய குழுமங்களின் அப்பட்டறைகள் 2023இல் ஒன்றிணைந்து 'சீட்ரியம்' என்னும் பெயர் பெற்றன. அத்தொழிலாளர் வரலாறு தனி ஆய்வுக்குரியது.

மீரி முதற்கிணறு 1972 அக்டோபர் 31ஆம் நாள் மூடப்பட்டது. 62 ஆண்டுகளில் அது தந்த எண்ணெய் ஏறத்தாழ 6,60,000 பீப்பாய், அதாவது சராசரியாக நாளொன்றுக்கு 29 பீப்பாய். அதன் கோபுரம் கனடா குன்றில் இன்றும் காக்கப்படுகிறது. அருகே 2005இல் பெட்ரோலிய அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது.