பம்பாயில் கப்பலேறிய 72 கார்கள்

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு பார்ஸிப் பெரியவர் இருக்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். கார் பைத்தியம். ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்குப் போகிறேன் என்று லிஃப்டில் அவரிடம் சொன்னேன். "அப்படியானால் பிராச்சினா போய்ப் பார்த்துவிட்டு வா. 1968ல் நம்ம ஊரில் கப்பலேறிய கார்கள் அந்த வழியாகத்தான் ஓடின" என்றார் இந்தியில். எனக்கு பிராச்சினாவும் தெரியாது, 1968ல் நான் பிறக்கவும் இல்லை. அன்று ராத்திரி அவர் வீட்டில் சாய் குடித்துக்கொண்டே கதை கேட்டேன். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

1967 நவம்பரில் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. நாடே சோர்ந்து போயிருந்தது. டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் சர் மாக்ஸ் ஐட்கன் ஒரு யோசனை செய்தார். லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு கார் ராலி! மக்களுக்கு உற்சாகமும் ஆச்சு, பிரிட்டிஷ் கார்களுக்கு விளம்பரமும் ஆச்சு. சிட்னியில் சர் ஃபிராங்க் பேக்கரின் டெய்லி டெலிகிராஃப் கூட்டு சேர்ந்தது. மொத்தம் சுமார் 16,000 கிலோமீட்டர். முதல் பரிசு 10,000 பவுண்டு. யார் முதலில் வருகிறார் என்பது கணக்கில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நேரம் கொடுப்பார்கள், தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு அபராதப் புள்ளி. குறைந்த புள்ளி வாங்கியவர் ஜெயித்தவர்.

1968 நவம்பர் 24ஆம் தேதி லண்டனில் 98 கார்கள் கிளம்பின. பாரிஸ், பெல்கிரேட், இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், டெல்லி வழியாக பம்பாய். இன்றைக்கு அந்த வரிசையை மேப்பில் விரலால் தொட்டுப் பார்த்தாலே பெருமூச்சு வருகிறது. டெல்லியிலிருந்து பம்பாய் வரை ரோட்டின் இருபக்கமும் ஜனக்கூட்டம். அந்தக் கூட்டத்தில்தான் நம்ம பெரியவரும் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு நின்றிருக்கிறார். பம்பாய் வந்து சேர்ந்தவை 72. டிசம்பர் 5 விடியற்காலையில் சூசான் என்ற கப்பல் அவற்றை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது.

டிசம்பர் 14 மாலை பெர்த்தில் மறுபடி ஓட்டம். பெர்த்திலிருந்து சிட்னிக்கு நேர் ரோட்டில் போனாலே 4,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. இவர்கள் நேர் ரோட்டில் போகவில்லை. உள்நாட்டுப் பொட்டல்காடுகளில் சுற்றி, மலை ஏறி இறங்கி, 17ஆம் தேதி சிட்னியில் இருக்க வேண்டும். தூக்கம் எல்லாம் ஓடுகிற காரிலேதான்.

பம்பாயில் முதலிடத்தில் இருந்தவர் ரோஜர் கிளார்க். அவருடைய லோட்டஸ் கார்ட்டினாவின் எஞ்சின் ஆஸ்திரேலியாவில் மக்கர் செய்தது. அதே அணியின் எரிக் ஜாக்சன் தன் காரிலிருந்து பாகங்களைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு பின் அச்சும் போனது. வழியில் பார்த்த யாரோ ஒருவருடைய கார்ட்டினாவிலிருந்து அச்சைக் கழற்றி வாங்கி மாட்டிக்கொண்டு ஓடினார்கள். கிடைத்தது பத்தாவது இடம்.

இப்போது என் கதை. மே மாத லீவில் தங்கமணியும் பையனும் அடிலெய்டுக்கு வந்தார்கள். வாடகைக்கு ஒரு நான்கு சக்கர இழுவை வண்டி எடுத்தோம். ராலி போன க்வார்ன் ஊரிலிருந்து ஹாக்கர், அங்கிருந்து பிராச்சினா பள்ளத்தாக்கு. ஆட்னியாமதன்ஹா பழங்குடியினரின் பூமி அது. செம்மண், சிவந்த பாறைச் சுவர், வறண்ட ஓடைக்குள்ளேயே போகிற பாதை, இருபக்கமும் பருத்த யூகலிப்டஸ் மரங்கள். நான் மணிக்கு 30ல் உருட்டிக்கொண்டு போனேன். இந்தப் பக்கத்தை அவர்கள் நிமிஷக் கணக்கு பார்த்து ஓட்டியிருக்கிறார்கள் என்று பையனிடம் சொல்லி முடிக்கவில்லை, கூர்க்கல் குத்தி டயர் பஞ்சர்.

ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கியும் இருந்தது. ஆனால் வண்டியைத் தூக்கத் தூக்க ஜாக்கி சரளைக்குள் இறங்கியது. செல்போனில் சிக்னல் இல்லை. தங்கமணி ஒன்றும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அரை மணி கழித்து ஒரு பழைய பிக்கப் வண்டி வந்தது. ஓட்டியவர் நான் கை காட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட்டார். தன் வண்டியிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து ஜாக்கிக்குக் கீழே வைத்தார். இருபது நிமிஷத்தில் டயர் மாறியது. "தண்ணீர் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

அன்று ராத்திரி விடுதியில் பையனுக்கு மீதிக் கதையைச் சொன்னேன். கடைசி நாள். முன்னணியில் இருந்தது லூசியன் பியாங்கி - ஓஜியே ஜோடியின் சிட்ரோயன். பியாங்கி அந்த வருஷம்தான் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தவர். கஷ்டமான பாதையெல்லாம் முடிந்தாயிற்று. சிட்னிக்கு சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள நௌரா ஊரை நெருங்கும்போது எதிரே வந்த மினி கார் ஒன்று நேருக்கு நேர் மோதியது. ஓஜியே ஓட்ட, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பியாங்கிக்குப் பலத்த காயம்.

பின்னால் வந்தவர் பேடி ஹாப்கிர்க். 1964ல் மான்டி கார்லோ ராலியை ஜெயித்தவர். அவருக்கும் வெற்றி வாய்ப்பு இருந்தது. ஆனாலும் அவரும் கூட்டாளிகளும் காரை நிறுத்தி உதவினார்கள். உலகத்தைப் பாதி சுற்றி வந்து, எல்லைக்கோடு இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது நிறுத்தினார்கள். பரிசு ஸ்காட்லாந்து விவசாயி ஆண்ட்ரூ கோவன் ஓட்டிய சாதாரணக் குடும்பக் கார் ஹில்மன் ஹன்டருக்குப் போனது. ஹாப்கிர்க் இரண்டாவது. சிட்னியை எட்டியவை 56. பியாங்கி பிழைத்தார், ஆனால் 1969 மார்ச்சில் லே மானில் பயிற்சி ஓட்டத்தில் இறந்துபோனார்.

(1977ல் லண்டன் - சிட்னி ராலி மறுபடி நடந்தது. அந்த முறை கார்கள் பினாங்குக்குக் கப்பலேறியது நம்ம மெட்ராஸில்! ஜெயித்தது மறுபடியும் கோவன்தான். 1993ல் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாகவும் ஒன்று நடத்தினார்கள். 1968ல் ஓட்டிய சிலர் அதிலும் ஓட்டினார்கள்.)

கதை முடிந்ததும் பையன் கேட்டான்: "அப்பா, அன்னிக்கு லோனாவ்லா பக்கத்துல நாம ஏன் நிக்கல?"

போன வருஷம் புனே போகும்போது நடந்தது. ஒரு பைக் விழுந்து கிடந்தது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன், பார்த்தேன், போய்விட்டேன். மீட்டிங். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமே என்ற பயம் வேறு. அந்த பயத்துக்கும் உண்மையில் இடமில்லை. உதவி செய்கிறவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு 2016ல் உச்ச நீதிமன்றமே சட்ட பலம் கொடுத்தது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது சேர்ந்தது. பெயரைச் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இதெல்லாம் தெரியாமலா இருந்தேன்? தெரியும். அவசரம், அவ்வளவுதான். பையனிடம் "தப்புதான்டா" என்றேன். வேறு என்ன சொல்ல?

பொங்கலுக்கு வழக்கம்போல காரிலேயே திருநெல்வேலி போகிறோம். 1,600 கிலோமீட்டருக்கு மேல். டிக்கியில் முதலுதவிப் பெட்டி, டார்ச், கயிறு எல்லாம் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு பலகைத் துண்டு. பார்ஸிப் பெரியவர் அதைப் பார்த்து "இது எதுக்கு?" என்றார். பிராச்சினாவில் பார்த்தது என்றேன்.

நீங்களும் ஊருக்குக் காரில் போகிறவரா? ஒரு பலகைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் வண்டிக்கு இல்லாவிட்டாலும் வேறு யாருக்காவது உதவும்.