கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் பரம்பரையலகு வெளிப்பாடும்

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், மனிதப் பப்பிலோமா வைரசு (எச்.பி.வி.) உடலில் நீங்காது தங்கிவிடுவதால் கருப்பைக் கழுத்தின் மேலணிக் கலங்களில் உருவாகும் நோய். உலகில் ஏறத்தாழ 70 வீதமான நோயாளருக்கு இந்த வைரசின் 16, 18 ஆகிய வகைகளே காரணம். ஜேர்மனியரான ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 16ஆம் வகையை 1983இலும் 18ஆம் வகையை அடுத்த ஆண்டிலும் பிரித்தெடுத்தது. இதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நுண்காயங்கள் வழியே மேலணியின் அடிப்படைக் கலங்களை அடையும் வைரசு தன் பரம்பரையலகுகளை ஒழுங்கு தவறாமல் வெளிப்படுத்துகிறது. அடிப்படைக் கலங்களில் ஈ6, ஈ7 ஆகிய பரம்பரையலகுகள் அடங்கியே இயங்கும். கலங்கள் முதிர்ந்து மேலெழுந்த பின்னரே எல்1, எல்2 என்னும் உறைப்புரதங்கள் உருவாகும். ஈ6, ஈ7 இரண்டுக்கும் கடிவாளம் ஈ2 புரதம். பெரும்பாலான பெண்களின் உடல் இத்தொற்றை ஓரிரு ஆண்டுகளில் தானே நீக்கிவிடும்.

ஈ2 என்னும் அந்தக் கடிவாளம் அறும்போதே நோய் முற்றுகிறது. வைரசின் டி.என்.ஏ. கலத்தின் நிறமூர்த்தத்துள் செருகப்படும்போது ஈ2 பகுதி பலவேளை உடைந்துபோகிறது. ஈ6, ஈ7 தடையின்றிப் பெருகுகின்றன. ஈ6 புரதம் பி53 என்னும் காவற் புரதத்தைச் சிதைக்க, மடிய வேண்டிய பழுதான கலம் பிழைத்துக்கொள்கிறது. ஈ7 புரதம் ரெட்டினோபிளாஸ்டோமா புரதத்தை முடக்கிக் கலப்பிரிவுக்கான பரம்பரையலகுகளைத் திறந்துவிடுகிறது. இதன் எதிர்விளைவாகப் பி16 புரதம் மிகையாக உருவானாலும் பிரிவை நிறுத்த அதனால் முடிவதில்லை. நோயியலாளருக்கு அது நல்ல அடையாளமாக மட்டும் உதவுகிறது. 1951இல் ஹென்றியெட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட ஹீலா கலங்களில் 18ஆம் வகையின் ஈ6, ஈ7 இன்றும் இயங்குகின்றன. அக்கலங்களுக்குள் ஈ2ஐ மீண்டும் செலுத்தியபோது அவை பிரிவதை நிறுத்தின. ஈ6, ஈ7 கட்டுமீறுவதே திருப்புமுனை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆயினும் சில கட்டிகளில் வைரசின் டி.என்.ஏ. நிறமூர்த்தத்துள் செருகப்படாமலே இருப்பதுண்டு. அவற்றிலும் ஈ6, ஈ7 மிகையே.

புற்றுக்கு முந்திய மாற்றங்கள் மூன்று படிகளாக வகுக்கப்படுகின்றன. மாறிய கலங்கள் மேலணியின் கீழ் மூன்றிலொரு பங்கில் நின்றால் முதற்படி. மூன்றில் இரண்டு பங்குவரை ஏறினால் இரண்டாம் படி. அதற்கும் மேலே பரவினால் மூன்றாம் படி. முதற்படி பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். தொற்றிலிருந்து புற்றுவரை பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும், எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்புசக்தி குன்றியோரில் 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

கருப்பைக் கழுத்துக் கலங்களின் மாற்றங்களை முன்கூட்டியே கண்டறியும் பாப் பரிசோதனைக்கு வாய்ப்பளிப்பது இந்த நீண்ட இடைவெளியே. இப்பரிசோதனையைச் செய்யும், இலங்கையில் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், குச்சவெளி முதலிய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் ஊடாக நடத்தப்படுகின்றன. 35 வயதை எட்டும் பெண்களே முதன்மை இலக்கு. எல்1 புரதத்தால் ஆன எச்.பி.வி. தடுப்பூசி 2017இல் 6ஆம் தர மாணவிகளுக்கான தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள தொற்றை அது நீக்காது. எல்லா வகை வைரசையும் தடுக்காது. ஆதலால் ஊசி பெற்றவர்களும் உரிய வயதில் பாப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.