திருச்செங்கோடு வட்டாரத்தில் சமூக ஊடகமும் அதன் சிக்கல்களும்

திருச்செங்கோடு, நாமக்கல் மாவட்டத்தில் அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலின் அடிவாரத்தில் அமைந்த நகரம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் விசைத்தறிக்கும் பெயர் பெற்றது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், யூடியூப் ஆகியவை இந்நகரிலும் சேலம், நாமக்கல் சமவெளியின் பிற ஊர்களிலும் தொழிலுக்கும் தனிவாழ்வுக்கும் உண்டாக்கிய சிக்கல்கள் இங்கே தொகுக்கப்படுகின்றன. பரவிய செய்தியின் பின்னால் மறுப்பு அதே வேகத்தில் போவதில்லை என்பதே இவற்றில் பெரும்பாலானவற்றின் வேர்.

தொழில்

இவ்வட்டாரத்து வியாபாரம் நெடுங்காலம் ஆள் முகம் பார்த்து, வாய்ச்சொல்லை நம்பி நடந்தது. ரிக் உரிமையாளருக்கு ஏஜென்ட் ஒருவர் பார்ட்டியைப் பிடித்துத் தருவார். அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். இன்று போர் போட வேண்டிய பாயிண்ட் வாட்ஸ்அப்பில் லொகேஷனாக வருகிறது. வெளிமாநிலத்தில் நிற்கும் வண்டி எத்தனை அடி ஓட்டியது என்பதை உரிமையாளர் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்கிறார். கெடுதல் விளம்பரத்தில் இருக்கிறது. தண்ணீர் பீறிட்டு அடிக்கும் குழியின் வீடியோதான் பரவும். ஆயிரம் அடி ஓட்டியும் வெறும் புழுதி பறந்த குழியை யாரும் பதிவேற்றுவதில்லை. கடன் வாங்கிப் போர் போடும் விவசாயிக்கு முன்னால் வெற்றி மட்டுமே காட்டப்படுகிறது. இந்தத் தொழிலில் சமூக ஊடகம் செய்யும் மிகப் பெரிய தீங்கு இதுதான்.

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளை சேலைச் சந்தையில் சிக்கல் வேறு. சேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் யூடியூப் வீடியோக்களும், படங்களை வாங்கித் தம் குழுக்களில் இட்டுச் சேலை விற்கும் ரீசெல்லர் முறையும் கடை வைக்க முதலில்லாத பெண்களுக்கும் வருமானம் தந்தன. ஆனால் செல்பேசித் திரையில் தெரியும் நிறம் கையில் வரும் சேலையில் இருப்பதில்லை. ஒருவர் எடுத்த படத்தை இன்னொருவர் திருடி, பாதி விலை போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் மோசடியும் உண்டு. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தால்தான் திருப்பி எடுப்போம் என்று விற்பவர்கள் நிபந்தனை போடுவது இரு தரப்பிலும் நம்பிக்கை குறைந்ததன் அடையாளம். தவிர, கடை முழுவதும் அயல்நாட்டு நிறுவனத்தின் மேடையில் இருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியபோது, அவற்றை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு வாடிக்கையாளரிடம் பேச வேறு வழி இருக்கவில்லை.

வதந்தி

2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கோழியும் முட்டையும் கொரோனாவைப் பரப்பும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஓடியது. அப்படி ஆதாரம் எதுவும் இல்லை என்று மத்திய கால்நடைத் துறை விளக்கியும் விற்பனை விழுந்தது. முட்டை உற்பத்தியில் நாட்டின் முன்னணி மையங்களில் ஒன்றான நாமக்கல்லில் விலை சரிந்து, முட்டைகள் தேங்கின. கோழி நாள்தோறும் முட்டையிடும். வதந்தி அடங்கும்வரை தீவனத்தை நிறுத்திவைக்கவும் முடியாது.

2023 மார்ச்சில் பரவியது அதைவிடக் கொடியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று, தொடர்பில்லாத சம்பவங்களின் வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள். மாநிலக் காவல்துறைத் தலைவர் நேரடியாக மறுக்க வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. ரிக் வண்டியிலும் கோழிப்பண்ணையிலும் வட மாநிலத்தவர் உழைப்பை நம்பியுள்ள இவ்வட்டாரத்திற்கு இது அடுத்த ஊர்ச் செய்தி அல்ல.

எழுத்தாளரும் நகரமும்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. குழந்தையில்லாத தம்பதியின் துயரையும், திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவையொட்டிய பழைய வழக்கம் ஒன்றையும் பேசும் நாவல் அது. நான்கு ஆண்டுகள் அமைதியாக இருந்த நகரத்தில் 2014 டிசம்பரில் எதிர்ப்பு மூண்டது. முழு நூலைப் படிக்காதவர்களின் கைக்குச் சில பக்கங்கள் மட்டும் தனியே பிரிந்து போய்ச் சேர்ந்தன. பிரதிகள் எரிக்கப்பட்டன, 2015 ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று பெருமாள்முருகன் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் அறிவித்தார். அந்த ஃபேஸ்புக் அறிவிப்பே அவருடைய குரலை உலகத்திற்கும் கொண்டுபோனது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அவர் மீண்டும் எழுதலானார். துண்டாக்கப்பட்ட பக்கம் சில வாரங்களில் ஊரைக் கலைத்தது. நியாயம் வந்துசேர ஒன்றரை ஆண்டாயிற்று.

கடையடைப்பு நடந்த அதே 2015இல், ஜூன் 23 அன்று, இதே மலைக்கோயிலுக்குத் தோழியுடன் வந்திருந்த தலித் பொறியியல் பட்டதாரி ஒருவர் சாதியின் பெயரால் கடத்தப்பட்டு, மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தலைமறைவாக இருந்த முதன்மைக் குற்றவாளி வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தார்; அவை குழுவுக்குக் குழு போய் அவரை வீரராகக் காட்டின. 2022 மார்ச் 8 அன்று மதுரை சிறப்பு நீதிமன்றம் அவர் உட்படப் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சாதிக் குழுக்களின் கைதட்டலைத் தீர்ப்பு அழிக்கவில்லை என்பது வேதனையானது.

குடும்பம்

திருமணம் பேசும் ஜாதகக் குழுக்கள் சமவெளியெங்கும் உள்ளன. மகளின் படம், படிப்பு, சம்பளம், செல்பேசி எண் எல்லாம் ஒரே தாளில் குழுவில் இடப்படுகின்றன. யார் அதைச் சேமித்தார், எங்கே அனுப்பினார் என்று தகப்பனுக்குத் தெரியாது; திருமணம் முடிந்து ஆண்டுகள் கழித்தும் அந்தத் தாள் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

2016 ஜூனில் இளம்பிள்ளை அருகே, தம் முகத்தை வேறு உடலோடு ஒட்டிய படம் ஃபேஸ்புக்கில் வெளியானதால் இளம்பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பம் முன்பே காவல்துறையிடம் புகார் கொடுத்திருந்தது. நடவடிக்கை தாமதமானதற்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். இத்தகைய படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு வைத்தது 2021இல்தான்.

புகார்

இணையத்தில் பணம் இழந்தவர்கள் 1930 என்ற எண்ணை அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். பதற்றத்தில் படத்தையோ உரையாடலையோ அழித்துவிட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பு முகவரியும் சாட்சியங்கள். மகள் இப்படியொரு படத்தோடு அழுதுகொண்டு வந்து நின்றால், தயவுசெய்து முதலில் அவளுடைய போனைப் பிடுங்காதீர்கள். அவளோடு உட்கார்ந்து புகாரை எழுதுங்கள்.